பதினெட்டுக் கதைகளும் ஒரு பாரிஸும்

2006இல் வந்த 'பாரி, ஜெ தெம்' என்ற ஆந்தாலஜி படத்தை, அதாவது பலருடைய குறும்படங்களைக் கோத்த படத்தை, பார்த்திருக்கிறீர்கள். 'பாரிஸே, உன்னைக் காதலிக்கிறேன்' என்று அர்த்தம். பாரிஸின் ஆன்மா அந்தப் படத்தில் இருக்கிறதா, இல்லை அழகான போஸ்ட்கார்டுகளை அடுக்கிவைத்ததுதானா என்று அந்த ஊரில் இருப்பவர் யாராவது சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. படத்தில் வரும் பாரிஸ் நிஜமா என்பது ஒன்று. அதற்குப் பதில் சுலபம்: தெருக்கள் நிஜம், ரயில் நிலையம் நிஜம், பூங்காக்கள் நிஜம். ஆனால் நீங்கள் உண்மையில் கேட்க வந்தது மற்றது என்று நினைக்கிறேன். ஆளுக்கு ஐந்தாறு நிமிடம் என்று பலர் தனித்தனியாக எடுத்ததை ஒட்டினால், அதற்குள் ஓர் ஊர் வந்து உட்காருமா? வந்தால் அதை எப்படி அடையாளம் காண்பது? அதற்குத்தான் இந்த நீண்ட பதில்.

நான் யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். 1990களின் நடுவில் யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வந்தேன். முதல் ஆறு வருடம் உணவகங்களில் கோப்பை கழுவினேன். அப்புறம் எடிட்டிங் படித்தேன். இப்போது குறும்படங்களுக்கும் ஆவணப்படங்களுக்கும் எடிட்டிங் செய்கிறேன், வருடத்தில் சில வாரங்கள் இளையவர்களுக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். ஆகவே படம் எப்படி வெட்டி ஒட்டப்படுகிறது என்பதும் தெரியும், இந்த ஊர் விடியற்காலை நாலரை மணிக்கு எப்படி இருக்கும் என்பதும் தெரியும். ஆனால் நான் அறிந்த பாரிஸ் வடக்குப் பக்கத்துப் பாரிஸ். வசதியானவர்கள் வாழும் 7ஆம், 16ஆம் வட்டாரத்து வீடுகளின் வரவேற்பறையில் நான் உட்கார்ந்து பேசியதில்லை. அங்கே பிறந்து வளர்ந்த ஒருவருக்கு இதே படம் வேறு மாதிரித் தெரியலாம். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியவை. பாரிஸ் நகரம் 1860இலிருந்து 20 வட்டாரங்களாகப் பிரிந்திருக்கிறது. நடுவில் லூவ்ர் அருங்காட்சியகம் இருக்கும் இடத்தில் ஒன்று தொடங்கி, நத்தை ஓட்டின் சுழி போலச் சுற்றிச் சுற்றி வெளியே வந்து இருபதில் முடியும். இங்கே ஒருவரைப் புதிதாகச் சந்தித்தால் 'எத்தனையாம் வட்டாரம்?' என்றுதான் கேட்போம். அந்த ஓர் எண்ணை வைத்தே வாடகை என்ன இருக்கும், அக்கம்பக்கத்தில் யார் இருப்பார்கள், இரவு பத்து மணிக்குத் தெரு எப்படி இருக்கும் என்று பாதி ஊகித்துவிடலாம். ஊரே தன்னை இப்படிப் பங்கு போட்டு வைத்திருப்பதால், வட்டாரத்துக்கு ஒரு கதை என்ற யோசனை பாரிஸுக்கு நன்றாகப் பொருந்தும். மும்பைக்கோ கொழும்புக்கோ இதையே செய்தால் இவ்வளவு இயல்பாக இருக்காது.

20 படங்கள் என்பதுதான் திட்டம். கடைசியில் 18தான் சேர்ந்தன. விடுபட்டவை 11ஆம் வட்டாரமும் 15ஆம் வட்டாரமும். இந்த இரண்டு எண்களையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பாரிஸில் அதிகம் பேர் வசிக்கும் வட்டாரம் 15. ஆட்கள் மிக நெருக்கமாக வாழும் வட்டாரம் 11. மற்றவற்றோடு ஒட்டிவரவில்லை என்று விடப்பட்ட படங்கள் அவை, இதில் சதி ஒன்றும் இல்லை. ஓர் எடிட்டராக அந்த முடிவு எனக்குப் புரிகிறது, நானும் அப்படிப் பல காட்சிகளைக் கழற்றியிருக்கிறேன். ஆனாலும் ஓர் ஊரைப் பற்றிய படத்திலிருந்து, அந்த ஊர்க்காரர்கள் அதிகம் வாழும் இடமும் நெருக்கமாக வாழும் இடமும் கழன்று போனது ஒரு இழப்புத்தான். ஈபிள் கோபுரம் இருக்கும் 7ஆம் வட்டாரம் உள்ளே இருக்கிறது. ஊமைக்கூத்துக் கலைஞர்கள் இருவரின் காதல் கதையாக.

இன்னொரு கணக்கும் உண்டு. 18 படங்களில் பிரெஞ்சு இயக்குநர்கள் எடுத்தவை நான்குதான். மற்றவை அமெரிக்கா, பிரேசில், ஜப்பான், ஜெர்மனி, தென்னாப்பிரிக்கா, மெக்சிகோ என்று எங்கிருந்தெல்லாமோ வந்தவர்கள் எடுத்தவை. இதை வைத்து 'வெளியூர்க்காரர் பார்வை, அதனால் போலி' என்று சிலர் எழுதுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இந்த ஊரை இன்றைக்கு ஓட வைப்பவர்களில் பெரும்பங்கு வெளியிலிருந்து வந்தவர்கள்தான். 18இல் எனக்கு மிக நெருக்கமான இரண்டும் வெளியூர்க்காரர்கள் எடுத்தவை. அவற்றைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

என் வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்கு இந்தப் படத்தை வைத்து ஒரு பயிற்சி கொடுப்பேன். ஒவ்வொரு கதையின் தொடக்கத்திலும் வரும் இடப்பெயரை மறைத்துவிட்டுப் போட்டுக்காட்டுவேன். 'இதையே லிஸ்பனிலோ சென்னையிலோ எடுத்திருந்தால் கதை மாறியிருக்குமா?' என்பதுதான் கேள்வி. பல கதைகள் இடிந்து விழும் அளவுக்குக் கடுமையான சோதனை இது. மத்லேன் பகுதியில் நடக்கும் ரத்தக்காட்டேரிக் கதைக்கு ஓர் இருட்டுத் தெரு போதும், எந்த ஊராக இருந்தாலும் சரி. பாஸ்தீய் பகுதிக் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். மனைவியை விட்டுப் பிரிய முடிவெடுத்துவிட்ட கணவன், அவளுக்குப் புற்றுநோய் என்று தெரிந்ததும் கூடவே இருந்து பார்த்துக்கொள்கிறான், பார்த்துக்கொண்டே இருப்பதில் மறுபடி அவள்மேல் காதல் கொள்கிறான். அவளுடைய சிவப்பு கோட் மனதை விட்டுப் போகாது. ஆனால் அந்தக் கதை மதுரையிலும் நடக்கும். நல்ல படம் வேறு, ஊரைப் பிடித்த படம் வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் இந்தப் படத்தைப் பற்றிய வாதங்கள் முடிவதே இல்லை.

சோதனையில் தேறும் கதைகள் வேறு மாதிரி. முதல் கதையில் மொன்மார்த்ர் பகுதியின் ஒடுங்கிய தெருக்களில் ஒருவர் கார் நிறுத்த இடம் தேடிச் சுற்றிச் சுற்றி வருகிறார். ஒருவழியாக இடம் கிடைக்கிறது. கிடைத்த பிறகும் காருக்குள்ளேயே உட்கார்ந்து, தனக்கு ஏன் ஒரு துணை இல்லை என்று புலம்புகிறார். அப்போது காருக்குப் பக்கத்தில் ஒரு பெண் மயங்கி விழுகிறாள். இந்த ஊரில் கார் வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், இரவு கிடைத்த இடத்தை விட மனமில்லாமல் அடுத்த நாள் மெட்ரோவில் வேலைக்குப் போன கதையை. இடம் தேடும் அந்த ஐந்து நிமிடம் இல்லாவிட்டால் அந்தச் சந்திப்பே இல்லை.

துய்லெரி மெட்ரோ நிலையத்துக் கதையும் அப்படித்தான். பாரிஸ் மெட்ரோவில் பெரும்பாலான நிலையங்களில் நடுவில் தண்டவாளம், இரண்டு பக்கமும் எதிரெதிர் நடைமேடைகள். ரயில் வரும்வரை எதிர்ப்பக்கத்து ஆட்களைப் பார்த்தபடிதான் நிற்க வேண்டும். கை எட்டாது, கண் எட்டும். ஓர் அமெரிக்கச் சுற்றுலாப் பயணி வழிகாட்டிப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு நிற்கிறார். யாரையும் கண்ணுக்குக் கண் பார்க்காதே என்று புத்தகம் எச்சரிக்கிறது. அவர் பார்த்துவிடுகிறார். எதிரே நின்ற காதலர்களோடு வம்பு தொடங்குகிறது. அந்த நிலையத்தின் அமைப்பிலிருந்து கதை அப்படியே முளைத்து வருகிறது. நடிகர் ஒரு வார்த்தை பேசவில்லை, பேசத் தேவையும் இல்லை.

இந்த வழியை இவர்கள் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. 1965இலேயே 'பாரி வூ பார்' என்று ஓர் ஆந்தாலஜி வந்தது. ஆறு இயக்குநர்கள், ஆறு பகுதிகள், 16 மில்லிமீட்டர் கேமரா. பிரெஞ்சு சினிமாவைப் புதுப்பித்த நியூ வேவ் அலையின் காலத்துப் பெரிய பெயர்கள் பல அதில் உண்டு. அதைத் தயாரித்த பார்பே ஷ்ரோதர்தான் 2006 படத்தில் 13ஆம் வட்டாரத்துச் சீனக் கடைத்தெருவுக்குப் போகும் விற்பனையாளராக நடித்தவர். நாற்பது வருட இடைவெளியில் இரண்டு படங்களையும் கோக்கும் நூல் அந்த மனிதர். முடிந்தால் இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள்.

பழைய படத்தில் எரிக் ரோமர் எடுத்த பகுதியைக் கட்டாயம் பாருங்கள். வெற்றி வளைவைச் சுற்றியிருக்கும் எத்வால் சதுக்கத்தில் 12 பெருந்தெருக்கள் வந்து சேர்கின்றன. நடுவில் இருக்கும் வளைவுக்குப் போவது சுற்றுலாப் பயணிகள்தான். வேலைக்குப் போகிறவன் வட்டத்தின் விளிம்பைச் சுற்றி, ஒவ்வொரு தெருவாகக் கடக்க வேண்டும். விளக்குகள் கார்களின் வேகத்துக்கு அமைத்தவை, நடப்பவனை ஒவ்வொரு முனையிலும் நிறுத்திவைக்கும். சட்டைக் கடை ஒன்றில் வேலை செய்யும் ஒருவன் தினமும் இப்படிப் பாதி வட்டம் சுற்றிக் கடைக்குப் போகிறான். ஒருநாள் வழியில் ஒரு குடிகாரனோடு தள்ளுமுள்ளு. குடையால் தடுக்கும்போது அந்த ஆள் விழுந்துவிடுகிறான். கொன்றுவிட்டோம் என்று பயந்து ஓடுகிறான், ஒவ்வொரு தெரு முனையாகக் குதித்துக் கடந்து. அவ்வளவுதான் கதை. காதல் இல்லை, ஈபிள் கோபுரம் இல்லை. ஆனால் அதைப் பார்த்த பிறகு அந்தச் சதுக்கத்தை எப்போது கடந்தாலும் என் கால்களுக்கு அந்தப் படம் ஞாபகம் வந்துவிடும்.

ஊரின் ஆன்மா என்று நீங்கள் சொல்வதை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன்: ஓர் ஊர் தன் ஆட்களின் நேரத்தை என்ன செய்கிறது என்பது. எங்கே காத்திருக்க வைக்கிறது, எவ்வளவு தூரம் நடக்க வைக்கிறது, யாரை யாரோடு ஒரே பெட்டியில் அடைத்துக் கொண்டுபோகிறது. கட்டடங்களைக் காட்டினால் ஊரின் முகம் வரும். நேரத்தைக் காட்டினால்தான் ஊர் வரும். இது என் கருத்து, இதற்கு நிரூபணம் ஒன்றும் கிடையாது. ஆனால் 18 கதைகளில் என்னை உலுக்கியது எது என்று திரும்பத் திரும்பப் பார்த்ததில் கிடைத்த பதில் இதுதான்.

அந்தக் கதை, '16ஆம் வட்டாரத்திலிருந்து தூரத்தில்'. வால்தெர் சாலஸும் தனியேலா தோமஸும் எடுத்தது, இருவரும் பிரேசில்காரர்கள். அனா என்ற இளம் பெண், இருட்டு விலகாத விடியற்காலையில் தன் கைக்குழந்தையைக் காப்பகத்தில் விடுகிறாள். குழந்தை அழுகிறது. கையை ஆட்டி ஆட்டி ஒரு தாலாட்டுப் பாடி அடக்குகிறாள். பிறகு பயணம்: ரயில், கூட்டம், படிகள், மெட்ரோ, மறுபடி நடை. கடைசியில் 16ஆம் வட்டாரத்தில் ஒரு பணக்கார வீடு. முதலாளி அம்மாவின் குரல் மட்டும் உள்ளேயிருந்து கேட்கிறது, இன்றைக்குத் திரும்பப் பிந்தும் என்று. கதவு மூடுகிறது. அந்த வீட்டுக் குழந்தை அழுகிறது. அதே தாலாட்டு, அதே கையசைவு.

இதை எடிட்டிங் மேசையில் ஷாட் ஷாட்டாகப் போட்டுப் பார்த்திருக்கிறேன். முதல் முறை பாடும்போது அவள் கண் குழந்தையை விட்டு நகராது. இரண்டாவது முறை பாடும்போது அந்தப் பார்வை எங்கோ போய்விடுகிறது. பாட்டு ஒன்று, கை ஒன்று, கண் மட்டும் வேறு. அந்த இரண்டு பார்வைகளுக்கும் நடுவில் இருக்கும் தூரம்தான் பயணமாக வருகிறது. வசனத்தில் யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. பின்னணி இசையை வைத்து அழ வைக்கவும் இல்லை. வேறு யாராவது எடுத்திருந்தால் பயணத்தைச் சுருக்கி, பணக்கார வீட்டில் ஒரு சண்டைக் காட்சி வைத்திருப்பார்கள். இவர்கள் பயணத்தையே கதையாக வைத்தார்கள்.

நான் வந்த புதிதில் லா கூர்நேவில் இருந்தேன், நகர எல்லைக்கு வடக்கே. ஐந்து மணி வாக்கில் வரும் பி இலக்கப் புறநகர் ரயிலில் தினமும் ஒரே முகங்கள். தமிழ் ஆட்கள், மாலி ஆட்கள், போர்த்துக்கீசப் பெண்கள். எல்லோரும் நின்றபடியும் உட்கார்ந்தபடியும் தூங்குவார்கள். கார் து நோர் நிலையத்துக்குச் சற்று முன்னால் ரயில் நிலத்துக்கடியில் இறங்கும், அப்போது சக்கரச் சத்தம் மாறும். அந்தச் சத்தத்தில் பெட்டி முழுக்க ஒரே நேரத்தில் கண் விழிக்கும், அறிவிப்பு எதுவும் தேவைப்படாது. அலுவலகங்கள் துப்புரவு செய்யப் போகும் ஓர் அக்கா எங்கள் பெட்டியில் வருவார். வேலையின் நடுவே ஏழு மணிக்குப் பக்கத்தில் தெருவிலிருந்த தொலைபேசிக் கூண்டுக்கு ஓடிப்போய், அட்டையைச் செருகி, வீட்டுக்கு அடித்து மகளை எழுப்புவாராம். 'மணி அடிச்சவுடன எடுத்திட்டாளெண்டால் எழும்பி இருக்கிறாள் எண்டு அர்த்தம், காசு கனக்கப் போகாமல் வைச்சிடுவன்' என்று ஒருநாள் சொன்னார். மகள் எடுத்து, அம்மா பேசாமலே வைத்துவிடும் அந்த அழைப்பை நான் இன்னும் மறக்கவில்லை. அனாவின் கதையைப் பார்த்த இரவு எனக்கு அந்த அக்காதான் ஞாபகம் வந்தார்.

இங்கேதான் படத்தின் பெரிய குறையும் தெரிகிறது. 20 வட்டாரங்களுக்குள் வாழ்பவர்கள் ஏறக்குறைய 21 லட்சம். பாரிஸைச் சுற்றிய இல்-து-பிரான்ஸ் பிரதேசம் முழுவதையும் சேர்த்தால் 1 கோடி 20 லட்சத்துக்கும் மேல். அதாவது ஆறு பேரில் ஒருவர்தான் அந்த நத்தை ஓட்டுக்குள் இருக்கிறார். 1973இல் முடிக்கப்பட்ட 35 கிலோமீட்டர் வட்டச் சாலையான பெரிஃபெரிக், இந்த இரண்டு உலகங்களுக்கும் நடுவில் கோட்டை மதில் மாதிரிச் சுற்றி ஓடுகிறது. வட்டாரத்துக்கு ஒரு கதை என்று முடிவெடுத்த அந்த நிமிடமே மதிலுக்கு வெளியே இருக்கும் ஐந்து பேரும் படத்திலிருந்து வெளியேறிவிட்டார்கள். அனாவின் கதை மட்டும் மதிலைத் தாண்டி உள்ளே வருகிறது, அதனால்தான் தலைப்பிலேயே 'தூரத்தில்' என்ற சொல் இருக்கிறது. மதிலுக்கு வெளியே வாழும் தமிழரைப் பார்க்க 2015வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கான் திரைப்பட விழாவில் தங்கப் பனை வென்ற 'தீபன்', எங்கள் எழுத்தாளர் ஷோபாசக்தி நடித்தது, புறநகர் அடுக்குமாடிகளில் நடக்கிறது.

தமிழர் என்றதும் நீங்கள் கேட்க நினைத்திருப்பீர்கள், பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பல் எங்கே என்று. 18 கதைகளில் ஒன்றின் பெயரே 'ஃபோபூர் சான்-தெனி'. அது 10ஆம் வட்டாரத்து நீண்ட தெரு. அதன் வடக்கு நுனிதான் லா சப்பல்: தமிழ்ப் பலசரக்குக் கடை, நகைக்கடை, சேலைக்கடை, கொத்துரொட்டிச் சத்தம். அந்தக் கடைத்தெரு கதைக்குள் வரவில்லை. கண் தெரியாத ஓர் இளைஞனுக்கும் நடிப்புப் பயில வந்த அமெரிக்கப் பெண்ணுக்கும் உள்ள காதல், ஒரு தொலைபேசி அழைப்பில் வேகவேகமாகப் பின்னோக்கி ஓடுகிறது. படம் வந்த காலத்தில் இதற்காக என் நண்பர்கள் சிலர் கோபப்பட்டார்கள். எனக்கும் முதலில் வருத்தமாகத்தான் இருந்தது. இப்போது இல்லை. அந்த இளைஞன் தான் வாழும் வட்டாரத்தை அவளுக்குக் காட்டியதாகச் சொல்கிறான். அவன் வட்டாரம் அது. ஒரே தெருவில் ஐந்தாறு பாரிஸ்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு, ஆனால் கலக்காமல் இருக்கும். ஒரு காதல் ஜோடி அந்தத் தெருவில் வருடக்கணக்கில் வாழ்ந்து, நம் கடைகளை வாசனையாக மட்டும் அறிந்திருப்பது மிகவும் சாத்தியம்.

வராமல் இருப்பதைவிடத் தவறாக வருவது மோசம். 13ஆம் வட்டாரத்துப் போர்த் து ஷ்வாசி பகுதிக் கதையைப் பாருங்கள். 1970களில் எழுந்த உயர்ந்த கட்டடங்களில், வியட்நாம், கம்போடியா, லாவோஸ் நாடுகளிலிருந்து போருக்குத் தப்பி வந்த மக்கள் குடியேறிய இடம் அது. அகதியாக வந்து கடை வைத்து எழும்பிய மக்கள், நம்மைப் போல. படத்தில் அது சண்டைக் கலையும் கூந்தல் அலங்காரமும் கலந்த வண்ணக் கனவாக வருகிறது. எடுத்தவர் பெரிய ஒளிப்பதிவாளர், நிறங்கள் அற்புதம். ஆனால் அங்கே வாழும் ஒரு மனிதரின் ஒரு நாள்கூட அதில் இல்லை. லா சப்பலுக்கும் யாராவது இப்படிச் செய்திருந்தால், காவடியும் பட்டுச் சேலையுமாக ஐந்து நிமிடம் சுழன்றிருக்கும். அதற்கு, வராததே மேல்.

சரி, நேரம், வேலை, தூரம் என்று இவ்வளவு சொல்லிவிட்டு, கடைசிக் கதையைப் பற்றி நான் சொல்லப்போவது முரணாகத் தெரியலாம். 14ஆம் வட்டாரம், அலெக்சாண்டர் பெய்ன் எடுத்தது. டென்வரில் தபால் பட்டுவாடா செய்யும் நடுத்தர வயதுப் பெண் கேரல், தனியாக ஆறு நாள் பாரிஸ் வந்துபோகிறாள். இரண்டு வருடம் வகுப்பில் படித்த தட்டுத்தடுமாறிய பிரெஞ்சில் அதைக் கட்டுரையாக வாசிக்கிறாள். அவளுக்கு இங்கே வேலை இல்லை, யாரையும் தெரியாது, அவள் போகும் இடமெல்லாம் சுற்றுலா இடம். என் சோதனைப்படி இது தோற்றிருக்க வேண்டும். தோற்கவில்லை. மொன்பர்னாஸ் கோபுரத்தின் உச்சியில் நின்று ஊரைப் பார்க்கிறாள். 'அழகாக இருக்கிறது, இல்லையா?' என்று சொல்லப் பக்கத்தில் ஆள் இல்லை. பிறகு ஒரு பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து சாண்ட்விச் தின்கிறாள். சுற்றிலும் ஆட்கள், குழந்தைகள், புல்லில் படுத்திருப்பவர்கள். அப்போது என்னவென்று தெரியாத ஒன்று வருகிறது, சந்தோஷமும் துக்கமும் சேர்ந்து. அந்த நேரத்தில்தான் பாரிஸை நேசிக்கத் தொடங்கினேன் என்கிறாள், பாரிஸும் தன்னை நேசித்தது என்கிறாள்.

முதல் தடவை பார்த்தபோது அவள் உச்சரிப்பைக் கேட்டுத் திரையரங்கில் சிரிப்பு எழுந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானும் வயது வந்த பிறகு ஒரு மொழியைக் கற்று, அதைப் பேச வாயைத் திறந்த ஒவ்வொரு முறையும் எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்த்துக் கூசியவன். அவள் உச்சரிப்பு கடைசிவரை அப்படியேதான் இருக்கிறது, ஆனால் முடியும்போது யாரும் சிரிக்கவில்லை. இந்த ஊர் தனியாக வந்தவர்களுக்கு ஒன்று கொடுக்கும். துணை கொடுக்காது, உட்கார ஒரு பெஞ்சும் பார்க்க ஆட்களும் கொடுக்கும். வந்த புதிதில் ஞாயிற்றுக்கிழமைகளில் அதை வைத்துத்தான் நான் பிழைத்தேன். ஆகவே கேரலின் கதையிலும் ஊர் இருக்கிறது என்று சொல்வேன். ஆனால் இதில் என் சொந்த வாழ்க்கை எவ்வளவு கலந்திருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். வேறொருவர் இதை ஓர் அமெரிக்கச் சுற்றுலாப் பயணியின் உணர்ச்சி மட்டும்தான் என்று சொன்னால், அவரோடு சண்டை போட என்னிடம் ஆதாரம் இல்லை.

இன்னும் ஒரு விஷயம், ஒட்டுதல் பற்றி. படத்தின் முடிவில் வேறு வேறு கதைகளின் ஆட்கள் ஒருவரையொருவர் கடந்துபோவதாகச் சில காட்சிகள் சேர்த்திருக்கிறார்கள். எல்லோரும் ஒரே ஊர் என்று காட்டுவதற்கு. அது எனக்குத் தேவையில்லாததாகப் பட்டது. பெரிய ஊரில் 18 கதைகளின் ஆட்களும் ஒருவரையொருவர் பார்க்காமலே செத்துப்போவார்கள், அதுவும் ஊரின் இயல்புதான். கதைகளுக்கு இடையே இருந்த இடைவெளியே போதும். இதே தயாரிப்பாளர் அடுத்து எடுத்த நியூயார்க் படத்தில் இடப்பெயர்களை எடுத்துவிட்டு, கதைகளை ஒன்றோடொன்று கலந்து ஒரே நீரோட்டம் ஆக்கினார்கள். விளைவு, எந்தக் கதை எந்தத் தெருவுடையது என்ற பிடி போய்விட்டது. பார்த்து முடித்ததும் நடிகர்கள் ஞாபகம் இருந்தார்கள், இடம் எதுவும் எனக்கு ஒட்டவில்லை. பாரிஸ் படத்தின் எண் போட்ட பெட்டிகள் அதன் பலவீனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நியூயார்க்கைப் பார்த்த பிறகுதான் அந்தப் பெட்டிகள் இயக்குநர்களை ஓர் இடத்தில் காலூன்ற வைத்தன என்பது புரிந்தது.

ஆகவே உங்கள் கேள்விக்கு: 18இல் ஐந்து கதைகளில் ஊர் இருக்கிறது என்பது என் கணக்கு. மொன்மார்த்ர், துய்லெரி, அனா, கேரல். ஐந்தாவதாக, 19ஆம் வட்டாரத்து பிளாஸ் தே ஃபெத் சதுக்கத்தில் கத்திக்குத்துப்பட்டுக் கிடக்கும் நைஜீரிய இளைஞனின் கதை. சிகிச்சை செய்ய வந்த பெண்ணை அவன் முன்பே பார்த்திருக்கிறான், ஒரு காப்பி குடிக்கக் கூப்பிட ஆசைப்பட்டிருக்கிறான். காப்பி வரும்போது அவன் இல்லை, அவள் கையில் இரண்டு கோப்பைகளும் நடுங்குகின்றன. ஓர் ஆந்தாலஜிக்கு ஐந்து என்பது குறைவில்லை. நீங்கள் மறுபடி பார்ப்பதாக இருந்தால் அந்த ஐந்தை மட்டும், ஒரே இரவில் வேண்டாம், இரவுக்கு ஒன்றாகப் பாருங்கள். 18ஐயும் ஒரே மூச்சில் பார்த்தால் ஒன்றின் சுவையை மற்றது கழுவிவிடும்.

பாரிஸ் வரும் எண்ணம் இருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். வந்தால் ஒரு காலையை ஃபோபூர் சான்-தெனிக்குக் கொடுங்கள். 1672இல் பதினான்காம் லூயி கட்டிய சான்-தெனி வளைவில் தொடங்கி வடக்கே நடக்க வேண்டும். துருக்கி உணவகங்கள், பிராடி கடைப்பாதையின் இந்திய உணவகங்கள், இரண்டு பெரிய ரயில் நிலையங்களின் பக்கவாட்டு, அப்புறம் மெல்ல மெல்லத் தமிழ் எழுத்துகள். தெரு முடியும் இடத்தில் தலைக்கு மேலே இரும்புப் பாலத்தில் மெட்ரோ ஓடும். அரை மணி நேரத்துக்கும் குறைவான நடைதான். பத்து மணிக்கு வந்தால் கடைகள் திறந்திருக்கும், தோசை கிடைக்கும். ஐந்தரைக்கு வந்தால் எல்லாம் பூட்டியிருக்கும், ஆனால் கார் து நோர் வாசலில் முதல் ரயில்களில் வந்தவர்கள் இறங்கிக்கொண்டிருப்பார்கள்.